மேஜையில் இரண்டு ஜாடிகள்

ஜூலை 28

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். ஒரு மாதமாகக் கடிதம் போடவில்லை என்று கோபம் இருக்கும். அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள், பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் மண்டல அருங்காட்சியக மாநாடு எங்கள் மியூசியத்தில். ஆகஸ்ட் 21 முதல் மூன்று நாள். பதினோரு மியூசியங்களிலிருந்து நூற்று நாற்பது பேர் வருகிறார்கள். காப்பாட்சியர் என்று பெயர்தான், காலையிலிருந்து நாற்காலி எண்ணிக்கொண்டிருக்கிறேன். அடையாள அட்டைக்குக் கயிறு நீலமா பச்சையா என்று இரண்டு கூட்டம் போட்டோம். காட்சிக்கூட வெளிச்சத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியே தீருவேன் என்று ஒருவர் நிற்கிறார். பதினைந்து நிமிஷம்தான் என்று அவரிடம் சொல்லும் வேலையும் என் தலையில். அண்ணன் போனில், "ஏன்டி வாலு, இதுக்குத்தான் டாக்டர் பட்டம் வாங்கினியா?" என்கிறார். எனக்கு நாற்பது வயதாகப் போகிறது. அவருக்கு இன்னும் நான் வாலுதான், அவரைப் பார்த்து நீங்களும் அப்படியே எழுதுகிறீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தொடக்க உரை என்னுடையது. எதைப் பற்றி என்று கேட்கவே வேண்டாம், நம் படகு ஜாடிதான். உங்கள் மியூசிய ஸ்டோரில் 318 என்ற எண்ணோடு கிடந்ததே, அதன் வயிற்றில் கீறியிருந்த சின்னப் படகை நான் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஏறுமுகம். 318-ஆம் எண் ஜாடி அகழாய்வு நடந்த மேட்டுக் குழியின் அடி மண்ணில் கிடைத்தது என்று பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான், இந்தப் பக்கத்து ஜனங்கள் நாம் நினைத்ததைவிட நானூறு வருஷம் முன்பே கடலேறினார்கள் என்று ஒரு புத்தகமே எழுதினேன். 'ஒன்பது வருஷமா ஒரு ஜாடியை வெச்சே பொழைக்கிறா' என்று இங்கே சிலருக்கு வயிற்றெரிச்சல். எரியட்டும்.

தலைமைக் காப்பாட்சியர் பதவி காலியாகிறது. தேர்வுக் குழுவின் மூன்று பேரும் முதல் வரிசையில் உட்காருவார்கள், நேர்முகம் அடுத்த வாரம். அதனால் ஜாடி மேடையில் என் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவல் படிவம் இதனுடன் இருக்கிறது. 'நிலை, எண், கிடைத்த இடம் சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். நீங்களே கொண்டு வாருங்கள் அண்ணி. அன்றைக்கு நீங்கள் கூட்டத்தில் இல்லாவிட்டால் எனக்குப் பேச்சே வராது.

உங்கள் செல்ல நாத்தனார்,
வாலு

ஆகஸ்ட் 2

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பாப்பாவுக்கு ஜலதோஷம் விட்டது. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் போன பிறகு படி.

போன வாரம் மழையில் ஸ்டோரின் பின்பக்கம் ஒழுகியது. பழைய போட்டோகிராபரின் அலமாரி நனைந்துவிட்டது. நெகட்டிவ்களை எல்லாம் எடுத்துக் கொடியில் காயப் போட்டேன். ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு ஜாடியைப் படுக்க வைத்து அடிப்பக்கம் தெரிய எடுத்திருக்கிறார். வயிற்றில் உன் படகு. அடியில் பழைய எழுத்தில் எண் 402.

402 எது என்று உனக்குத் தெரியும். பழம்பொருள் கடையில் விலைக்கு வாங்கியது. எந்த ஊரில் கிடைத்தது, எந்தக் காலத்தது, ஒன்றும் தெரியாது. மேட்டில் தோண்டி எடுத்த உண்மையான 318, படகு இல்லாத அந்தச் சாதா ஜாடி. அது இன்னும் மூன்றாவது தட்டில் 402 என்ற எண்ணோடு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

மாற்றியது நான். பதினாலு வருஷத்துக்கு முன்பு, மே 16-ஆம் தேதி. பழைய வார்னிஷ் மஞ்சளடித்திருந்ததால் இரண்டு ஜாடிக்கும் அடிப்பக்கத்தை அசிட்டோன் போட்டுத் துடைத்து எண்ணைப் புதிதாக எழுதினேன் என்று என் வேலைக் குறிப்பிலேயே இருக்கிறது. மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதல் விதி. எத்தனை பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டையும் ஒன்றாக வைத்துத் துடைத்துவிட்டு, இது அது, அது இது என்று ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறேன்.

படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லையம்மா. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன். தப்பு முழுக்க என்னுடையது. நீ என்ன செய்யப் போகிறாய் என்று நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் அண்ணி

ஆகஸ்ட் 5

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. சில கேள்விகள்.

நெகட்டிவை வேறு யார் பார்த்தார்கள்? அண்ணனுக்குத் தெரியுமா? உங்கள் மேலதிகாரிக்கு?

போட்டோ எடுத்த காலத்தில் எண் தப்பாக இருந்து, நீங்கள் துடைத்து எழுதியபோது சரியாகியிருக்கலாமே? அப்படி இல்லை என்று உங்களால் சத்தியம் பண்ண முடியுமா? ஒரு நெகட்டிவை வைத்து ஒரு புத்தகத்தைத் தூக்கிப் போட முடியாது.

அழைப்பிதழ் போய்விட்டது. முகப்பில் அந்தப் படகுதான். கைப்பையிலும் அதையே அச்சடித்திருக்கிறோம். நூற்று நாற்பது பை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். படிவத்தைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன், கையெழுத்துப் போடுங்கள். நெகட்டிவ் உங்கள் இழுப்பறையிலேயே இருக்கட்டும். மாநாடும் நேர்முகமும் முடிந்த மறுவாரம் நானே திருத்தக் கட்டுரை எழுதுகிறேன், என் பெயரில். உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

நாத்தனார்

ஆகஸ்ட் 8

அன்புள்ள வாலுவுக்கு,

நீ கேட்டதற்கு வரிசையாகப் பதில். நெகட்டிவை வேறு யாரும் பார்க்கவில்லை. உன் அண்ணனிடம் சொல்லவில்லை, அவருக்கு ஜாடிக்கும் குடத்துக்கும் வித்தியாசம் தெரியாது, சொன்னால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சத்தியம் பண்ண முடியுமா என்று கேட்டாய். முடியும். இரண்டு ஜாடியையும் இறக்கி, இந்தத் தடவை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாதா ஜாடியின் உள்ளே மேட்டின் சிவப்பு மண் இன்னும் ஒட்டியிருக்கிறது. படகு ஜாடிக்குள் அப்படி ஒன்றும் இல்லை. அதன் கழுத்துக்குப் பின்னால் கடைக்காரர்கள் உடைசல் ஒட்டப் பூசும் பழுப்புப் பசையின் கறை இருக்கிறது. தோண்டி எடுத்த ஜாடியில் அது வர வழியே இல்லை. உன் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கப் படத்திலேயே கறை தெரிகிறதே.

கையெழுத்துப் போட முடியாதம்மா. நீ மேடையில் நின்று பேசும்போது என் கையெழுத்தின் மேல்தான் நிற்பாய். கேட்கிற நூற்று நாற்பது பேரும் அப்படி ஒரு கையெழுத்தை நம்பித்தான் தினம் வேலை பார்க்கிறவர்கள்.

நேற்று பதிவேட்டைத் திருத்திவிட்டேன். உனக்குத் தெரியும், அதில் எதையும் அழிக்கக் கூடாது, பழைய வரி படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, மேலே சிவப்பு மையில் சரியானதை எழுதி, கையெழுத்தும் நாளும் போட வேண்டும். 'பிழை கண்டறியப்பட்ட நாள் ஆகஸ்ட் 7' என்று எழுதினேன். மேலதிகாரி படிக்காமலேயே பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். ஜாடி வரும், படிவத்தில் நீ கேட்டபடி 20-ஆம் தேதிக்குள் வரும், சரியான எண்ணோடு வரும். பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் கூட வரும். அதற்கப்புறம் உன் இஷ்டம்.

உன்னிடம் எப்படிக் கெஞ்சுவது என்றுகூடத் தெரியவில்லை. திட்டியாவது எழுது.

உன் அண்ணி

ஆகஸ்ட் 11

அண்ணிக்கு,

திட்டப் போவதில்லை. ஒரு கேள்விதான்.

உங்களுக்கு நான் அனுப்பிய புத்தகம் என்னிடம் இருக்கிறது. மறுபதிப்புக்குத் திருத்தம் பார்க்க என்று போன வருஷம் நானே வாங்கி வந்தேன். உங்கள் மியூசிய நூலகத்தில் அது கிடையாது, வாங்கிப் போடச் சொல்லி நீங்கள் எத்தனை தடவை மனு எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் நாற்பத்தோராம் பக்கம் என்று எதைப் பார்த்து எழுதினீர்கள்?

எதையும் பார்க்கவில்லை. ஞாபகத்திலிருந்து எழுதினீர்கள். நானூறு படம் உள்ள புத்தகத்தில் ஒரு படத்தின் பக்க எண் ஒருத்திக்கு ஏன் மனப்பாடமாக இருக்கிறது அண்ணி?

எப்போது தெரியும்?

இன்னொன்று. மே 16 என்று எழுதிவிட்டு, அது என்ன நாள் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். உங்களைப் பார்க்க வைக்க நான் அண்ணனை முதல் தடவை உங்கள் மியூசியத்துக்குக் கூட்டி வந்த நாள். அவரை வாசலில் நிற்க வைத்துவிட்டு உங்கள் கூடத்துக்கு இரண்டு தடவை ஓடி வந்து "சீக்கிரம் வாங்க, அவர் போயிடுவார்" என்றவள் நான். அதை மறைத்தால் எனக்கு நல்லது செய்ததாக உங்களுக்கு நினைப்பு. எனக்கு என்ன தெரியலாம், என்ன தெரியக் கூடாது என்று நீங்களே பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறீர்கள்.

மாநாட்டுக்கு நீங்கள் வர வேண்டாம். ஜாடியைப் பெட்டி கட்டும் பேக்கரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

நாத்தனார்

ஆகஸ்ட் 14

அன்புள்ள உனக்கு,

ஒன்பது வருஷம். புத்தகம் தபாலில் வந்த அன்றே.

உன் அண்ணன் உறையைப் பல்லால் கிழித்தார். 'ஜாடியைத் துடைத்துத் தந்த அண்ணிக்கு' என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தாயே, அதை எதிர் வீட்டுக்காரர், மாடி வீட்டுக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். நான் படம் பார்த்துக்கொண்டே வந்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் ஜாடியின் முதுகுப்புறம் பெரிதாக இருந்தது. கறை தெரிந்தது. மே 16 அன்று அந்தப் பசையைச் சுரண்டி எடுத்தவளே நான்தான், கடையில் வாங்கிய ஜாடி என்று தெரிந்தே சுரண்டியது கைக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

வேறு காரணத்தாலும் கறை வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஸ்டோருக்கு இருபது அடி நடந்து ஜாடியைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஒன்பது வருஷம் நடக்கவில்லை. நெகட்டிவ் கையில் வந்த பிறகுதான், இனிமேல் தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று ஆனது.

உனக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதி அப்படித்தான். மீதிப் பாதி பயம். கைசுத்தம் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது போய்விடும் என்ற பயம். நீ மேலே மேலே போனாய், நான் ஒவ்வொரு தடவையும் சந்தோஷப்பட்டேன், பயமும் கூடியது.

உன் அண்ணனிடம் நேற்று சொல்லிவிட்டேன். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "அவகிட்ட நேர்ல போய்ச் சொல்லாம எதுக்குக் கடுதாசி எழுதிட்டு இருந்தே?" என்றார்.

நீ வர வேண்டாம் என்றால் வரவில்லை. பேக்கர் 19-ஆம் தேதி கிளம்புகிறார். ஜாடியை மடியை விட்டு இறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணி

ஆகஸ்ட் 30

அண்ணிக்கு,

நடந்ததை நீங்கள் மற்றவர்கள் வாயால் கேட்டிருப்பீர்கள். என் வாயாலும் கேளுங்கள்.

உங்கள் பேக்கர் நல்ல மனிதர். நான் மூன்று இடத்தில் கையெழுத்துப் போடும்வரை பெட்டியைக் கொடுக்கவில்லை. ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். 402, உங்கள் கையெழுத்து. அழித்து 318 என்று எழுத எனக்கு ஐந்து நிமிஷம் போதும், சாமான் எல்லாம் எங்கள் கூடத்திலும் இருக்கிறது. அதை நினைத்துப் பார்த்தேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

மேடையில் பழைய உரையைத்தான் கையில் வைத்திருந்தேன். வரவேற்பெல்லாம் படித்து முடித்தேன். பிறகு "இந்த ஜாடியின் எண் 402" என்றேன். வாய் தவறிச் சொல்கிறேன் என்று நினைத்து முதல் வரிசையில் எங்கள் மியூசிய இயக்குநர் கையை ஆட்டினார். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேஜை, இரண்டு ஜாடி, நெகட்டிவ், என் புத்தகத்தில் எந்தெந்த அத்தியாயம் இனி நிற்காது என்பது வரை.

"நம்பரை எழுதினது யாரு?" என்று தேர்வுக் குழுக்காரர் கேட்டார். "எங்க அண்ணி" என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நாத்தனார் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். "அவங்களை ஓடி ஓடி வந்து அவசரப்படுத்தினது நான்" என்றும் சொன்னேன். அப்புறம் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். எங்கேயோ ஒரு சின்ன மியூசியத்தின் ஸ்டோர் கீப்பர், அடையாள அட்டைகூட வாங்காதவர். "எங்க ஸ்டோர்ல ரெண்டு வாளுக்கு உறை மாறிப் போயிருக்கு. எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். அடுத்து ஒரு அம்மாள், நாணயத் தட்டு கீழே விழுந்ததைப் பற்றி. அப்புறம் இன்னொருவர். தேநீர் ஆறிப்போய்விட்டது. வெளிச்சக்காரருக்குக் கடைசியில் ஏழு நிமிஷம்தான் கிடைத்தது, அவர் இந்த ஜென்மத்தில் என்னை மன்னிக்க மாட்டார்.

நேர்முகத்துக்குப் போனேன். பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். பதவி எனக்கு இல்லை.

எண்ணை மாற்றி எழுதியது என் மனதில் இல்லை அண்ணி, அது யாருக்கும் நடக்கும், அதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒன்பது வருஷத்தை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. அது உங்களுடையது, அதை எடுத்துப் பேச எனக்கு உரிமை கிடையாது. பதிவேட்டு நகல் என் முன்னால் இருக்கிறது. 'பிழை கண்டறியப்பட்ட நாள் ஆகஸ்ட் 7' என்று உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்தைப் பற்றி எனக்கு அத்தனை சொன்னவர் நீங்கள்.

இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அண்ணனோடு போனில் பேசுவேன். பாப்பாவுக்கு எப்போதும் போல வாங்கி அனுப்புவேன். உங்களுக்குக் கடிதம் எழுத மட்டும் எனக்கு மனசு வரவில்லை.

நாத்தனார்

செப்டம்பர் 9

அன்புள்ள உனக்கு,

நீ எழுத வேண்டாம், நான் ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் பதிவேட்டை மறுபடி எடுத்தேன். 'ஆகஸ்ட் 7' மேல் ஒரு கோடு போட்டு, ஒன்பது வருஷத்துக்கு முந்தின தேதியைப் போட்டேன். 'இந்நாளிலேயே எனக்குத் தெரியும், தெரிவிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை மேலதிகாரி படித்தார். "தேவையாம்மா இது உங்களுக்கு? யாரும் கேக்கலையே" என்றார். நல்லவர், அந்தப் பக்கத்தைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன் என்றுகூடச் சொன்னார். நான் மேலே அனுப்பச் சொன்னேன்.

மெமோ வந்தது. ஆய்வுக்கூடத்தின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது நுழைவாயிலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறேன். இருபதாம் தேதி காலை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்தில் விசாரணை. வேலை போகலாம், போகாமல் தப்பவும் செய்யலாம். எது நடந்தாலும் அது எனக்கு வர வேண்டியதுதான். உன் அண்ணன் லீவு போட்டுக்கொண்டு கூட வருகிறேன் என்றார். அன்றைக்குப் பாப்பாவுக்குப் பரீட்சை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதற்காகச் செய்தேன் என்று நினைக்காதே. நீ கேட்ட பிறகுதான் செய்தேன் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன்னை எனக்கு ரொம்பத் தேடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

செப்டம்பர் 13

அன்புள்ள அண்ணிக்கு,

இருபதாம் தேதி நான் வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

உங்களுக்காகப் பரிந்து பேச வரவில்லை. ஒன்பது வருஷத்தைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். கோபம் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம், அப்படியே இருக்கிறது. உங்களோடு நான் போட வேண்டிய சண்டை நிறைய பாக்கி, அது கடிதத்தில் முடிகிற சண்டை இல்லை. இரண்டு நாள் தங்குவேன். பாப்பாவின் அறையில் எனக்கு இடம் போட்டு வையுங்கள்.

அந்த அலுவலகம் எனக்குத் தெரியும். வராந்தாவில் ஒரு பெஞ்சு உண்டு, அதில் மணிக்கணக்காகக் காக்க வைப்பார்கள், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துவிட்டுப் போவார்கள். அங்கே நீங்கள் தனியாக உட்கார வேண்டாம். என் பஸ் ஒன்பதரைக்கு வந்துவிடும், கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். பெயரைக் கூப்பிட்டாலும் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்கள். நான் வரும்வரை உள்ளே போய்விடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்